துப்பாக்கியைத் தடுப்பதா, கதவைப் பூட்டுவதா?

துப்பாக்கி ஒரு வெப்ப எந்திரம். நீராவி எந்திரத்தையும் பெட்ரோல் எந்திரத்தையும் பாடநூலில் படித்தவர்களுக்கு இது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் வேலை செய்யும் முறை ஒன்றுதான். பெட்ரோல் எந்திரத்தில் எரிபொருள் எரிகிறது, சூடான வாயு விரிகிறது, பிஸ்டனைத் தள்ளுகிறது. துப்பாக்கியில் வெடிமருந்து எரிகிறது; வாயு விரிகிறது; குண்டைத் தள்ளுகிறது. வேறுபாடு ஒன்றே: இங்கே பிஸ்டன் திரும்பி வருவதில்லை.

அமெரிக்காவில் பள்ளியிலோ கடைவீதியிலோ வழிபாட்டுக் கூடத்திலோ ஒருவன் பலரைச் சுட்டுக் கொன்றான் என்ற செய்தி வரும்போதெல்லாம், அந்நாட்டில் பழைய வாதம் ஒன்று மீண்டும் கிளம்புகிறது. துப்பாக்கியைச் சட்டத்தால் கட்டுப்படுத்த வேண்டும் என்பார்கள் ஒரு சாரார். துப்பாக்கி தானாகச் சுடுவதில்லை. சுடுகிற மனிதனைக் கவனியுங்கள், பள்ளிக்குக் காவல் போடுங்கள், கதவைப் பூட்டுங்கள் என்பார்கள் மறுசாரார். நமக்கு இது தொலைதூரத்துச் சண்டையாகத் தோன்றக்கூடும். ஆனால் 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் கொல்லப்பட்ட 32 பேரில் ஒருவர், கோபிசெட்டிபாளையத்தில் பிறந்து, கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்ற நீரியல் பேராசிரியர் ஜி. வி. லோகநாதன். வகுப்பறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அவர் சுடப்பட்டார்.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். சட்டம் படித்தவன் அல்லன். ஆயினும் இந்த வாதத்தில் இயற்பியலுக்கு ஓர் இடம் உண்டு என்று கருதுகிறேன். ஒருவன் எத்தனை பேரைக் கொல்ல முடியும் என்பது மூன்று அளவுகளைப் பொறுத்தது. ஒரு குண்டு சுமக்கும் ஆற்றல், ஒரு நிமிடத்தில் வெளிவரும் குண்டுகளின் எண்ணிக்கை, யாரும் தடுக்காமல் அவனுக்குக் கிடைக்கும் நேரம் ஆகியவையே அவை. ஏறக்குறைய இவற்றின் பெருக்கற்பலன்தான் சேதம். எந்த யோசனையை யார் கூறினாலும், அது இம்மூன்றில் எதைக் குறைக்கிறது, எவ்வளவு குறைக்கிறது என்று கேளுங்கள். பாதிக் கூச்சல் அடங்கிவிடும்.

குண்டின் ஆற்றல்

இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கிடைப்பது என்பதை நீங்கள் அறிவீர்கள். 160 கிராம் எடையுள்ள கிரிக்கெட் பந்து மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அதன் ஆற்றல் சுமார் 120 ஜூல். ஒரு சாதாரண 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியின் குண்டு 7.5 கிராம் எடையுள்ளது. வினாடிக்கு 360 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. கணக்கிட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 490 ஜூல் கிடைக்கும். அதாவது நான்கு பந்துகளின் ஆற்றல். ஆனால் பந்து அந்த ஆற்றலை உள்ளங்கையளவு பரப்பில் செலுத்துகிறது. குண்டோ சுண்டுவிரல் நுனியளவு பரப்பில் செலுத்துகிறது.

இனி, அமெரிக்காவில் அதிகம் பேசப்படும் ஏ.ஆர்.-15 வகைத் துப்பாக்கியைப் பார்ப்போம். அதன் குண்டு 3.6 கிராம்தான்; கைத்துப்பாக்கிக் குண்டில் பாதிகூட இல்லை. ஆனால் வேகம் வினாடிக்கு 990 மீட்டர். ஒலியைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. நிறை பாதியாகக் குறைந்தும் ஆற்றல் 1,760 ஜூலாக உயர்கிறது. வர்க்கத்தின் வலிமை இது. இவ்வளவு வேகத்தில் உடலினுள் புகும் குண்டு, தான் செல்லும் பாதையை மட்டும் துளைப்பதோடு நிற்பதில்லை. சுற்றியுள்ள தசையையும் உறுப்புகளையும் ஒரு கணம் பக்கவாட்டில் விலக்கித் தள்ளுகிறது. ஈரல் போன்ற மென்மையான உறுப்பு அந்தத் தள்ளலைத் தாங்காமல் கிழிந்துவிடும். கைத்துப்பாக்கிக் குண்டு பட்டவரை அறுவை மருத்துவர் காப்பாற்றும் வாய்ப்பு, இத்தகைய குண்டு பட்டவருக்கு மிகவும் குறைந்துவிடுகிறது.

1994ஆம் ஆண்டு அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 'தாக்குதல் துப்பாக்கி'களைப் பத்தாண்டுக் காலத்துக்குத் தடை செய்தது. எது தாக்குதல் துப்பாக்கி என்பதை வரையறுக்கும்போது அச்சட்டம் குண்டின் ஆற்றலைப் பார்க்கவில்லை. தனிக் கைப்பிடி உண்டா, துப்பாக்கி முனைக்கத்தி மாட்ட இடம் உண்டா, அடிக்கட்டை மடங்குமா என்று பெரும்பாலும் உருவத்தைப் பார்த்தது. உற்பத்தியாளர்கள் அந்த உறுப்புகளை நீக்கிவிட்டு அதே எந்திரத்தை விற்றார்கள். முனைக்கத்தி மாட்டும் இடத்தை அகற்றினால் எத்தனை ஜூல் குறையும் என்று கேட்க அங்கே ஓர் இயற்பியல் மாணவன் இல்லாமற் போனது வருந்தத்தக்கது. அச்சட்டம் 2004இல் காலாவதியாயிற்று, புதுப்பிக்கப்படவில்லை.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. வர்ஜீனியா டெக்கில் கொலையாளியிடம் இருந்தவை இரண்டு கைத்துப்பாக்கிகள் மட்டுமே. அமெரிக்காவின் கூட்டக்கொலைகளில் பெரும்பாலானவற்றில் பயன்படுவது கைத்துப்பாக்கிதான். எனவே ஆற்றலை மட்டும் வைத்து இக்கணக்கை முடிக்க முடியாது.

சுடும் வீதம்

துப்பாக்கியில் விரலால் இழுக்கும் உறுப்பை 'விசை' என்றும் சொல்வதுண்டு. இயற்பியலில் விசைக்கு வேறு பொருள் இருப்பதால், குழப்பம் வராமல் இருக்க 'குதிரை' என்ற பழைய சொல்லையே இங்கு ஆளுகிறேன். குதிரையை ஒருமுறை இழுத்துப் பிடித்தால் குண்டுகள் தொடர்ந்து வந்துகொண்டே இருப்பது முழுத் தானியங்கி. ஒவ்வொரு குண்டுக்கும் ஒருமுறை இழுக்க வேண்டியது அரைத் தானியங்கி. முழுத் தானியங்கிகளை 1934ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1986க்குப் பிறகு புதியனவாகச் செய்யப்பட்ட எதையும் பொதுமக்கள் வாங்க முடியாது. அரைத் தானியங்கிகளுக்கு அத்தகைய தடை நாடு முழுவதற்கும் இல்லை.

இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேலியை நியூட்டனின் மூன்றாம் விதி தாண்டிய கதை சுவையானது. குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும். குண்டின் உந்தம் 0.0036 கிலோகிராம் பெருக்கல் 990. அதாவது சுமார் 3.6. துப்பாக்கியின் எடை மூன்றரைக் கிலோ என்றால், அது வினாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வேகத்தில் பின்வாங்க வேண்டும். வாயுவின் உந்தத்தையும் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும். வழக்கமாகத் தோள் இந்த உதையைத் தாங்கிக்கொள்கிறது. 'பம்ப் ஸ்டாக்' என்ற சறுக்கும் அடிக்கட்டையைப் பொருத்தினால், துப்பாக்கி மட்டும் பின்னே சறுக்குகிறது. விரல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. சுடுபவன் மறு கையால் துப்பாக்கியை முன்னே தள்ளிக்கொண்டே இருப்பதால், குதிரை மீண்டும் வந்து விரலில் மோதுகிறது; அடுத்த குண்டு பாய்கிறது; மறுபடியும் உதை. விரல் குதிரையை இழுப்பதில்லை. குதிரை வந்து விரலில் இடிக்கிறது.

2017 அக்டோபர் 1 இரவு லாஸ் வேகஸ் நகரில், ஒரு விடுதியின் 32ஆம் மாடியிலிருந்து ஒருவன் இத்தகைய துப்பாக்கிகளால் கீழே நடந்த இசை விழாக் கூட்டத்தை நோக்கிச் சுட்டான். சுமார் 10 நிமிடங்களில் 1,058 குண்டுகள். 58 பேர் உடனே அல்லது சில நாட்களில் இறந்தனர். பின்னாளில் காயங்களால் இறந்த இருவரைச் சேர்த்து 60 பேர்.

அரசு 2019இல் அந்த அடிக்கட்டையைத் தடை செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 'குதிரையின் ஒரே செயலால்' பல குண்டுகள் வெளிவந்தால்தான் சட்டப்படி அது இயந்திரத் துப்பாக்கி. இங்கே ஒவ்வொரு குண்டுக்கும் குதிரை தனித்தனியே செயல்படுகிறதல்லவா என்று கூறி, 2024 ஜூன் 14 அன்று ஆறு நீதிபதிகள் தடையை நீக்கினர், மூவர் மறுத்தனர். தீர்ப்பில் குதிரையின் உள்ளமைப்பை விளக்கும் படங்கள்கூட அச்சாகியுள்ளன. எந்திரவியல் நோக்கில் பெரும்பான்மையோர் கூறியது சரியே. ஆனால் எதிரே நின்றவர்களுக்குக் குதிரை எத்தனை முறை அசைந்தது என்பது பொருட்டல்ல. வினாடிக்கு எத்தனை குண்டு வந்தது என்பதே பொருட்டு. சட்டம் எந்த அளவைக் கட்டுப்படுத்த விரும்புகிறதோ அந்த அளவையே நேராகக் கூறியிருந்தால் இந்த வழக்கு எழுந்திருக்காது என்பது என் கருத்து.

வீதத்தோடு சேர்ந்தது 'மாகசீன்' எனப்படும் தோட்டாக் கூடு. ஒரு கூடு தீர்ந்ததும் அடுத்ததை மாட்டச் சில வினாடிகள் ஆகும். 2011 ஜனவரி 8 அன்று அரிசோனா மாநிலத்தின் டூசான் நகருக்கருகே, மக்களவை உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸின் கூட்டத்தில் ஒருவன் 33 தோட்டாக் கூட்டைக் காலி செய்து ஆறு பேரைக் கொன்றான். அடுத்த கூட்டை மாட்ட முயன்ற அந்தச் சில வினாடிகளில் அருகிலிருந்தவர்கள் பாய்ந்து அவனைக் கீழே வீழ்த்தினார்கள். கூட்டில் 10 தோட்டாக்களே இருந்திருந்தால் அந்த இடைவெளி முன்னதாகவே வந்திருக்கும். கூட்டின் கொள்ளளவைக் குறைக்க வேண்டும் என்பவர்களின் வாதம் இதுவே; நல்ல வாதந்தான். எனினும் வர்ஜீனியா டெக்கில் 17 காலிக் கூடுகள் கிடந்தன. பாய்வதற்கு அருகில் ஆள் இருந்தால்தான் இடைவெளி பயன்படும்.

நேரம்

இப்போது மறுசாராரின் யோசனைகளுக்கு வருவோம். காவல், பூட்டு, எச்சரிக்கை மணி ஆகிய எல்லாம் மூன்றாவது அளவான நேரத்தைக் குறைப்பவை. அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை, 2000 முதல் 2013 வரை நடந்த 160 சுடுகை நிகழ்ச்சிகளை ஆராய்ந்தது. எவ்வளவு நேரம் நீடித்தது என்று அறிய முடிந்தவை 63. அவற்றில் 44 ஐந்து நிமிடங்களுக்குள் முடிந்துவிட்டன; அந்த 44இலும் 23 இரண்டு நிமிடங்களுக்குள். காவலர் வந்து சேருமுன் வேலை முடிந்துவிடுகிறது. 2012 டிசம்பர் 14 அன்று சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் கொல்லப்பட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் 154 குண்டுகள்.

நல்லவன் கையில் துப்பாக்கி இருந்தால் கெட்டவனைத் தடுப்பான் என்பது அங்கே அடிக்கடி கேட்கும் வாக்கு. மேற்சொன்ன 160 நிகழ்ச்சிகளில், காவல்துறை சாராத ஆயுதம் தாங்கியவர்கள் திருப்பிச் சுட்டு முடிந்தவை ஐந்து. ஆயுதமே இல்லாத பொதுமக்கள் மடக்கிப் பிடித்து முடிந்தவை 21. காவலர்கள் வந்துவிட்டால் மட்டும் போதும் என்பதற்கும் உறுதி இல்லை. டெக்சாஸ் மாநிலத்தின் யுவால்டி ஊரில் 2022 மே 24 அன்று 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்ட பள்ளியில், 376 காவலர்கள் திரண்டிருந்தும் 77 நிமிடங்கள் வகுப்பறைக்குள் நுழையாமல் நின்றார்கள்.

கதவைப் பற்றி நான் ஏளனமாகப் பேச மாட்டேன். வர்ஜீனியா டெக்கின் நாரிஸ் கட்டடத்தில் கொலையாளி வெளிவாயில்களைச் சங்கிலியால் பிணைத்துவிட்டு, சுமார் 11 நிமிடங்களில் 174 குண்டுகளைச் சுட்டு 30 பேரைக் கொன்றான். வகுப்பறைகளுக்கு உட்புறப் பூட்டு இல்லை. 205ஆம் அறையில் இருந்தவர்கள் பெரிய மேசையைக் கதவில் முட்டுக்கொடுத்துத் தரையில் கிடந்தபடி தாங்கிப் பிடித்தார்கள். அவன் கதவைத் தள்ளினான். கதவின் ஊடே சுட்டான். உள்ளே வர முடியாமல் போய்விட்டான். அந்த அறையில் ஒருவருக்கும் காயம் இல்லை. 204ஆம் அறையில், 76 வயதான பேராசிரியர் லிவியு லிப்ரெஸ்கு தம் உடலால் கதவைத் தாங்கி நின்றார், மாணவர்கள் சன்னல் வழியே குதித்தனர், அவர் உயிரிழந்தார். உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவு என்பது மலிவான, எந்தக் கட்சிக்காரரும் மறுக்காத கருவி. ஆனால் இசை விழா மைதானத்துக்குக் கதவு ஏது?

பெருக்கலுக்கு முன்னால்

இம்மூன்று அளவுகளும் முதல் குண்டு புறப்பட்ட பிறகு வருபவை. அதற்கு முன்பே தடுக்க முடியுமா? மனநோயாளிகளைக் கண்டுபிடித்தால் போதும் என்பது மிக எளிதாகச் சொல்லப்படும் விடை. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. ஆகவே நோயின் பெயரை வைத்துத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதாகும். பயன் தருவது வேறொன்று.

பள்ளித் தாக்குதல்கள் 37ஐ ஆராய்ந்து 2002இல் அமெரிக்க இரகசியப் பாதுகாப்புத் துறையும் கல்வித் துறையும் வெளியிட்ட அறிக்கையின்படி, 81 விழுக்காட்டு நிகழ்ச்சிகளில் தாக்குபவனின் எண்ணம் முன்கூட்டியே குறைந்தது ஒருவருக்காவது தெரிந்திருந்தது. பெரும்பாலும் நண்பன் அல்லது சக மாணவன். 68 விழுக்காட்டினர் துப்பாக்கியைத் தம் வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ எடுத்தவர்கள். இரு எண்களையும் சேர்த்துப் பாருங்கள். அச்சுறுத்தலைக் கேட்டவர் நம்பிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். வீட்டுப் பீரோவுக்கு ஒரு பூட்டு வேண்டும். முதலாவது 'மாற்று வழி'. இரண்டாவது 'துப்பாக்கிச் சட்டம்'. இவற்றை எதிரெதிரே நிறுத்துவதில் எனக்குப் பொருள் விளங்கவில்லை.

இவ்விரண்டும் சேரும் இடம் 'சிவப்புக் கொடிச் சட்டம்' எனப்படுவது. ஒருவர் தமக்கோ பிறர்க்கோ தீங்கு செய்யக்கூடும் என்று காவலரோ, சில மாநிலங்களில் குடும்பத்தாரோ முறையிட்டால், நீதிமன்றம் விசாரித்து அவருடைய துப்பாக்கிகளைச் சில காலம் எடுத்துவைக்கும். கனெக்டிகட் மாநிலம் 1999இலேயே இதைக் கொண்டுவந்தது; இன்று இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்களில் உண்டு. வர்ஜீனியா டெக் கொலையாளி தனக்கே ஆபத்தானவன் என்று 2005 டிசம்பரில் ஒரு நீதி அலுவலரே முடிவு செய்திருந்தார். அந்தப் பதிவு, துப்பாக்கி விற்பனையின்போது சரிபார்க்கும் பட்டியலுக்குப் போய்ச் சேரவில்லை. 2007இல் அவன் கடையில் முறைப்படி சோதிக்கப்பட்டே இரு துப்பாக்கிகளை வாங்கினான்.

எண்கள் என்ன சொல்கின்றன?

ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 1996 ஏப்ரல் இறுதியில் ஒருவன் 35 பேரைக் கொன்றான். 12 நாட்களில் மாநிலங்கள் உடன்பட்டு, அரைத் தானியங்கி நீள்துப்பாக்கிகளைத் தடை செய்தன. ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை அரசு விலைக்கு வாங்கி அழித்தது. 1979 முதல் 1996 வரை, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் மடிந்த சுடுகைகள் அங்கே 13. பழைய வீதம் தொடர்ந்திருந்தால் அடுத்த 22 ஆண்டுகளில் சுமார் 16 நிகழ்ந்திருக்க வேண்டும். அரிய நிகழ்ச்சிகளை எண்ணும்போது, எண்ணின் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கம் இயல்பு என்பது கதிரியக்க ஆய்வில் நாம் கற்பது. 16க்கு அது 4. ஆகவே 12 நடந்தாலும் 20 நடந்தாலும் வியப்பில்லை. நடந்தது பூச்சியம்.

இதுவே சட்டத்தின் விளைவு என்று அடித்துச் சொல்லலாமா? ஐயுறுவோர் அண்டை நாடான நியூசிலாந்தைக் காட்டுகிறார்கள். அங்கே அத்தகைய தடை இல்லாமலே 1997க்குப் பின் நீண்ட காலம் அமைதி நிலவியது. ஆனால் 2019 மார்ச் 15 அன்று கிரைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டனர். அதன்பின் அந்நாடும் ஒரு மாதத்துக்குள் அரைத் தானியங்கிகளில் பெரும்பாலானவற்றைத் தடை செய்தது. ஆஸ்திரேலியாவிலும் 2018இல் ஒரு குடும்பக் கொலையில் ஏழு பேர் மடிந்தனர். 2025 டிசம்பர் 14 அன்று சிட்னியின் பாண்டை கடற்கரையில், யூதர்களின் விழாவில் 15 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்ட இருவரில் தந்தையானவர் முறையான உரிமம் பெற்றுத் துப்பாக்கிகள் வைத்திருந்தவர். சட்டம் நிகழ்தகவைக் குறைக்கும், பூச்சியமாக்காது.

அமெரிக்காவில் இதே வைத்தியம் எளிதன்று. 2017இன் மதிப்பீட்டின்படி அங்கே பொதுமக்களிடம் 39 கோடிக்கு மேற்பட்ட துப்பாக்கிகள், மக்கள்தொகையைவிட அதிகம். ஆயுதம் வைத்திருப்பது தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2008இல் உறுதி செய்துள்ளது. எந்தச் சட்டம் எவ்வளவு பயன் தரும் என்று அளக்கவும் நெடுங்காலம் பணம் இல்லை. போர்ட் ஆர்தர் நிகழ்ந்த அதே 1996இல், அமெரிக்க நாடாளுமன்றம் நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் துப்பாக்கிக் காய ஆராய்ச்சிக்குச் செலவான 26 லட்சம் டாலரை அதன் நிதியிலிருந்து வெட்டியது. மீண்டும் இந்த ஆராய்ச்சிக்கெனப் பணம் ஒதுக்கப்பட்டது 2019 இறுதியில்தான். தரவு இல்லாமல் இருபத்துமூன்று ஆண்டுகள் வாதாடினார்கள்.

கூட்டக்கொலைகள் அங்கே நடக்கும் துப்பாக்கிச் சாவுகளில் மிகச் சிறு பங்கே. 2021இல் துப்பாக்கியால் மாண்ட 48,830 பேரில் பாதிக்கு மேற்பட்டோர், 26,328 பேர், தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். இந்த எண் பெரியது. எனவே ஏற்ற இறக்கம் குறைவு. சட்டத்தின் விளைவை இங்கே அளக்க முடிகிறது. கனெக்டிகட்டில் 1999 முதல் 2013 வரை சிவப்புக் கொடிச் சட்டப்படி 762 முறை துப்பாக்கிகள் எடுத்துவைக்கப்பட்டன. 10 முதல் 20 முறைக்கு ஒரு தற்கொலை வீதம் தடுக்கப்பட்டிருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. வகுத்துப் பாருங்கள்: 38 முதல் 76 உயிர்கள்.